குட்டித் தொண்டை

அத்தியாயம் 14

போன வாரம் மிரேயாவை ஒரு மஞ்சள் மூடியோடு தனியாக விட்டுவிட்டு வந்தோம். பாவம், அவள் இன்னும் அதையேதான் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள்.

இந்த வாரம்தான் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. மிரேயாவின் அப்பா நெமேசி, ஸ்பெயினின் பொம்மை ஊரான ஈபியில் மூன்று தலைமுறையாகப் பொம்மை செய்யும் வீட்டுக்காரர். இந்த வருஷம் அவர் கொண்டுவந்தது கயிறு கட்டி இழுக்கும் பிளாஸ்டிக் கழுதை. இழுத்தால் சக்கரம் உருளும், காது இரண்டும் ஆடும், ‘கிளக் கிளக்’ என்று சத்தம் வரும். ஒவ்வொரு சக்கரத்தின் நடுவிலும் அச்சை மறைத்துக்கொண்டு சட்டைப் பொத்தான் அளவில் ஒரு மஞ்சள் மூடி.

அப்படி ஒரு மூடிதான் போன வெள்ளிக்கிழமை தபால் உறையில் திரும்பி வந்தது. லா மஞ்சாவில் ஒரு சிறிய ஊரின் ஆஸ்பத்திரி மருத்துவர் அனுப்பியிருந்தார். பெர்த்தா என்ற இருபது மாதக் குழந்தையின் மூச்சுக்குழாயிலிருந்து எடுத்ததாம். உயிர் பிழைத்துவிட்டது. ஆனால் இன்னும் ஆஸ்பத்திரியில்தான் இருக்கிறது, அழுதால் சத்தம் வருவதில்லை என்று எழுதியிருந்தார்.

ஒரு வாரமாக வீடே அந்தக் குழந்தையின் அண்ணன் மேல் பழி போட்டுக்கொண்டு திரிந்தது. திருப்புளியை வைத்து நெம்பியிருப்பான், சுத்தியலால் தட்டியிருப்பான் என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். நேற்று மிரேயா குழந்தையின் அம்மாவுக்கு போன் செய்து மெதுவாக விசாரித்தாள். பெர்த்தாவுக்கு அண்ணனே கிடையாது.

இன்று டிசம்பர் பதின்மூன்று, சாந்தா லூசியா திருநாள். காலை எட்டு மணிக்கே மிரேயா கிட்டங்கிக்குப் போய் நின்றாள்.

“எலிசேவு, இருபது கழுதை எடுத்துட்டு வாங்க. நல்லதாப் பாத்துப் பொறுக்காதீங்க. கண்ணை மூடிக்கிட்டு எடுங்க.”

“கண்ணை மூடிக்கிட்டா? தடுக்கி விழுந்து பல்லு போனா, உங்கப்பா கட்டித் தருவாரா?” என்றார் கிட்டங்கிக்காரர். ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டு ஏணியை எடுத்தார்.

பொம்மைப் பாதுகாப்பு விதி எளிமையானது. மூடியைக் கவ்விப் பிடித்து, ஒன்பது கிலோ இழுப்பில் பத்து நொடி இழுக்க வேண்டும். வரக்கூடாது. வந்துவிட்டால் அதை ஒரு எஃகுக் குழாய்க்குள் போட்டுப் பார்க்க வேண்டும். சாய்ந்த அடியுள்ள, முட்டைக் கிண்ணத்தைவிடக் குறுகலான சின்னக் குழாய். அதற்குள் முழுசாக அடங்கிவிடும் எதுவும் குழந்தையின் தொண்டைக்குள்ளும் அடங்கும் என்று கணக்கு. சட்டத்தில் அதற்கு நீளமாக ஒரு பெயர் இருக்கிறது. எங்கள் ஊரில் எல்லாத் தொழிற்சாலையிலும் அதைக் குட்டித் தொண்டை என்றுதான் சொல்வோம்.

முதல் கழுதை தாக்குப்பிடித்தது. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதன் மூடி ஐந்து நொடி தாங்கி, பிறகு ‘டிக்’ என்று வந்துவிட்டது. விளிம்பில் முடி மாதிரி ஒரு விரிசல். மிரேயா அதைக் குட்டித் தொண்டைக்குள் போட்டாள். தடையில்லாமல் அடிவரைக்கும் போய் உட்கார்ந்தது.

எலிசேவு தொப்பியைக் கழற்றிக்கொண்டார்.

இருபதில் ஏழு.

பத்து மணிக்குச் சங்கு ஊதியது. அந்த நேரத்தில் எங்கள் பள்ளத்தாக்கில் போப்பாண்டவரே வந்து நின்றாலும், சாப்பிட்டுவிட்டு வருகிறோம் என்றுதான் சொல்வார்கள். நெமேசியும் தன் அறையில் முழ நீள ரொட்டியை விரித்து வைத்திருந்தார். உள்ளே சாஸேஜும் தக்காளியும், பக்கத்தில் ஆலிவும் வேர்க்கடலையும். எதையும் தொட்ட மாதிரி தெரியவில்லை.

“ஏழு, அப்பா.”

“என்ன ஏழு?”

“இருபதுல ஏழு கழுதைக்கு மூடி கழண்டு வந்துடுச்சு. ஒண்ணு நாலு கிலோவுக்கே வந்துடுச்சு.”

நெமேசி கத்தியைத் துடைத்து மடக்கினார்.

“எந்த அடுக்குலேர்ந்து எடுத்த?”

“எல்லாத்துலேர்ந்தும்தான்.”

“வாசல் பக்கத்து அடுக்கு?”

“அதுல மட்டும் மூணு. ஏன்?”

“சும்மா கேட்டேன்” என்றவர் மேசை மேலிருந்த தொலைபேசியைப் பார்த்தார். அவர் அதைப் பார்த்தது மிரேயாவுக்குத் தெரிந்தது. அது ஏன் என்று அப்போது அவள் யோசிக்கவில்லை.

“ஆய்வுக்கூடத்துல ரெண்டு தடவை பாஸ் ஆயிருக்கு” என்றார் அவர். “முதல் தடவை பதினஞ்சு கிலோ தாங்கிச்சு. பேப்பர் இருக்கு. அதுல நம்ம பக்கம் யார் கையெழுத்துன்னு ஞாபகம் இருக்கா?”

“என்னுதுதான்.”

“அப்புறம் என்ன?”

“அப்புறம் ஒரு குழந்தைக்கு அழுதா சத்தம் வரலப்பா. பிள்ளைங்களுக்குப் பொம்மை வர்ற ராஜாக்கள் ராத்திரிக்கு இன்னும் மூணு வாரம்தான் இருக்கு. பதினோராயிரம் கழுதை கடையில நிக்குது. அது விடியற காலையில பதினோராயிரம் வீட்டுக்குள்ள போயிடும். அதுக்கு முன்னாடி திரும்ப வாங்கணும்.”

“ஏன்னு கேட்டா?”

“உள்ளதைச் சொல்லுவோம்.”

“பொம்மைக்காரர் சங்கத்துக்கு நான் தலைவன். திங்கட்கிழமை மத்ரித்துல விதி எழுதற குழுவுல எங்க எல்லாருக்காகவும் பேசப் போறவ நீ. நம்ம வீட்டுப் பொம்மையே தொண்டையில சிக்குதுன்னு சொல்லிட்டு எந்த மூஞ்சியோட போய் உக்காருவ?”

“அந்தக் குழந்தைக்கு நாம என்னப்பா பதில் சொன்னோம்?”

“அதுக்குச் செய்ய வேண்டியதை நான் செஞ்சுட்டேன்” என்று வெடுக்கென்று சொன்னார். கடிதம் எழுதியிருப்பார் என்று மிரேயா நினைத்துக்கொண்டாள்.

எழுந்து ஜன்னல் பக்கம் போனவர் குரலைத் தணித்தார். “ஆய்வுக்குப் போனதெல்லாம் உன் தெக்லா அத்தை மூடி அடிச்சதுதானே? போய் அவகிட்டக் கேளு. அவ அடிச்சது நின்னு, மத்தது விழுதுன்னா என்ன அர்த்தம்னு கேட்டுட்டு வா. அப்புறம் பேசுவோம்.”

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பும் பொம்மையை நாங்கள் கிடைத்த பெட்டியிலிருந்து எடுத்து அனுப்ப மாட்டோம். ஊரிலேயே நல்ல கைக்காரி யாரோ, அவளிடம் கொடுத்துச் செய்யச் சொல்லித்தான் அனுப்புவோம். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் அப்படி ஒரு கை உண்டு. இதை ஏமாற்று என்று யாரும் நினைத்ததே இல்லை. விருந்தாளி வந்தால் நல்ல மேசைவிரிப்பை எடுத்துப் போடுவோமே, அந்த மாதிரி ஒரு மரியாதை. விதி எழுதும் குழுவில் ‘மாதிரியைத் தயாரிப்பாளரே அனுப்புவார்’ என்ற வரி வந்தபோது, மிரேயாவும் கை தூக்கி ஆமோதித்தவள்தான். அன்றைக்கு அவளுக்குக் கண்ணில் நின்றது தெக்லா அத்தையின் கைகள்.

தெக்லா நெமேசிக்கு ஆறு வயது மூத்தவள். ஐம்பத்தெட்டு. கல்யாணம் கேட்டு வந்த இரண்டு பேரையும் கதவுக்கு வெளியிலேயே நிற்க வைத்துப் பேசி அனுப்பியவள். ஊரில் இருபத்திரண்டு பெண்கள் வீட்டில் வைத்து இந்த மூடியை அடிக்கிறார்கள். கைப்பிடியை இறக்கி மூடியை அச்சில் பதிக்கும் அழுத்துக் கட்டை, தெக்லாவுடையது மட்டும் சமையலறை மேடையிலேயே, அடுப்புக்குப் பக்கத்தில் திருகி வைக்கப்பட்டிருக்கும்.

“வாடி. முகம் ஏன் பேயறைஞ்ச மாதிரி இருக்கு? சாப்பிட்டியா?”

“அத்தை, மூடி அடிக்கிறதைப் பாக்கணும்.”

“இருபது வருஷமாப் பாக்காத அதிசயமா?”

“இன்னைக்குப் பாக்கணும்.”

தெக்லா தோளைக் குலுக்கிவிட்டு ஒரு கழுதையை எடுத்து வைத்தாள். அடுப்பில் மெல்லிய தீயில் ஒரு பானை. ஏதோ சூப்பு என்றுதான் மிரேயா நினைத்தாள். தெக்லா அதற்குள் கரண்டியை விட்டு ஒரு மஞ்சள் மூடியை அள்ளி, துணியில் ஒற்றி, அச்சின் மேல் வைத்துக் கைப்பிடியை இறக்கினாள்.

“நில்லுங்க. அதை ஏன் தண்ணியில போட்டு வெச்சிருக்கீங்க?”

“எதை?”

“மூடியை.”

“கை விறைக்குதுடி. டிசம்பர்ல அந்தப் பிளாஸ்டிக்கைத் தொட்டுப் பாரு, ஐஸ்கட்டி. நாள் பூரா அதைப் பிடிச்சா என் விரலு என்னத்துக்கு ஆகும்? அதான் வெந்நீர்ல போட்டு வெச்சிருக்கேன். இதெல்லாம் ஒரு விஷயமா?”

மிரேயா பானைக்குள் எட்டிப் பார்த்தாள். பானையிலிருந்து பத்து மூடியை எடுத்து அத்தையை அடிக்கச் சொன்னாள். இன்னொரு பத்தைப் பையிலிருந்து அப்படியே எடுத்து, கொஞ்ச நேரம் ஜன்னலுக்கு வெளியே வைத்திருந்து, அதையும் அடிக்கச் சொன்னாள். கட்டை ஒன்றுதான், கையும் ஒன்றுதான்.

பன்றித் தொடை தொங்கும் உத்தரத்துக் கொக்கியில் கையோடு கொண்டுவந்த வில்தராசை மாட்டினாள். வெந்நீர் மூடி ஒவ்வொன்றாகத் தொங்கியது. பத்தும் நின்றது. பன்னிரண்டு கிலோ வரை இழுத்தும் ஒன்றுகூட அசையவில்லை.

குளிர்ந்த மூடிகளில் மூன்றாவது வந்துவிட்டது. ஆறாவதும் வந்தது. ஒன்பதாவது தெக்லாவின் கையிலேயே இரண்டாகப் பிளந்தது.

“சூட்டுல இளகி விரிஞ்சு கொடுக்குது, அத்தை. ஆறினதும் சுருங்கி அச்சைக் கவ்விக்குது. குளிர்ல அடிச்சா விரிசல் விட்டுடுது. பாத்தாத் தெரியாது. கொஞ்ச நாள் இழுத்து விளையாடினா…”

“அந்தக் கொன்சோல் அவ வீட்டுக் கார் கொட்டகையில வெச்சு அடிக்கிறா” என்றாள் தெக்லா மெதுவாக. “அங்கே தண்ணியே உறைஞ்சு கிடக்கும்.”

“ஆமா.”

“மத்தவளுங்களும் பால்கனியிலதான்.”

“ஆமா, அத்தை.”

தெக்லா அடுப்பை அணைத்தாள். ஈரக் கையை மேலங்கியில் துடைத்துக்கொண்டே இருந்தாள், காய்ந்த பிறகும் துடைத்தாள். அவள் உட்கார்ந்து மிரேயா அதிகம் பார்த்ததில்லை. இப்போது உட்கார்ந்தாள்.

“அப்போ அந்தப் புள்ளைக்கு நடந்தது என்னாலதானா?”

“ஆய்வுக்கு நீங்க அடிச்சது எதுவும் விழலையே.”

“அதைத்தான்டி சொல்றேன். நான் அடிச்சது விழுந்திருந்தா, அங்கேயே நிறுத்தியிருப்பாங்க. நான் நல்லா அடிச்சதால கடைக்குப் போச்சு. தெக்லா கை மாதிரி உண்டான்னு ஊரெல்லாம் சொல்லும்போது எனக்கு எவ்வளவு பெருமை தெரியுமா? சர்ச்சுல முன் வரிசையில போய் உக்காருவேன்.”

மிரேயா அவள் தோளைப் பிடித்துக்கொண்டாள். மிரேயாவையே தேற்ற ஆள் தேவைப்பட்டது. அந்தப் பேப்பரில் கையெழுத்துப் போட்டது அவள்தானே.

பிற்பகல் நாலு மணிக்குத் தெக்லா சமையலறை மேலங்கியோடு, பானையைக் கையில் பிடித்துக்கொண்டு தொழிற்சாலை வாசலில் வந்து நின்றாள். வார்ப்பு எந்திரத்தில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். மிரேயா பின்னாலேயே ஒரு பை நிறையக் கழுதைகளோடு வந்தாள்.

நெமேசியின் மேசையில் பானையை வைத்தாள் தெக்லா. தண்ணீர் தளும்பிக் காகிதத்தில் சிந்தியது.

“என்னக்கா இது?”

“உன் சர்டிபிகேட்டு.”

மிரேயா நடந்ததைச் சொன்னாள். நெமேசி குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டு முடித்ததும், இந்த மாதிரி நேரத்தில் ஆண்கள் சொல்வதையே அவரும் சொன்னார்.

“அப்போ ரொம்பச் சுலபமாப் போச்சு. எல்லார் வீட்டுலயும் வெந்நீர் வெக்கச் சொல்லிடலாம். இனிமே அடிக்கிறதெல்லாம் சரியா வரும்.”

“அடிச்சது?” என்றாள் மிரேயா.

“பேப்பர் இருக்கும்மா. முத்திரை இருக்கு. சட்டப்படி நாம…”

“அந்தப் பேப்பரைக் கழுதைக்குக் கொடுக்கலடா, நெமேசி” என்றாள் தெக்லா. “ஆய்வுக்கூடத்துக்காரன் எனக்குக் கொடுத்திருக்கான். பதினோராயிரத்தையும் நானா அடிச்சேன்?”

நெமேசி நனைந்த காகிதத்தைத் தள்ளி வைத்தார்.

“திரும்ப வாங்குடா.”

“வாங்கறேன்” என்றார் நெமேசி. “எல்லாக் கடைக்கும் ஃபேக்ஸ் அனுப்பச் சொல்லு, மிரேயா. பத்திரிகைக்கும் நானே எழுதித் தர்றேன். ஆனா மத்ரித்துல இதைப் பேசாதே. ஒரு வீட்டுத் தப்பு, அந்த வீட்டோட போகட்டும்.”

“இது ஒரு வீட்டுத் தப்பு இல்லப்பா. எதிர் தெருவுல பொம்மைக்குக் கண்ணு வெக்கிறாங்க, ஆய்வுக்குப் போறதுக்கு மட்டும் பெப்பாம்மா வெக்கிறாங்க. பாலத்துக்கு அந்தப் பக்கம் கிலுகிலுப்பை ஒட்டறாங்க. அங்கேயும் ஒரு நல்ல கை இருக்கு. எல்லா வீட்டுலயும் ஒரு தெக்லா அத்தை இருக்காங்க. விதியே நம்ம வழக்கத்தைப் பாத்துத்தான் எழுதியிருக்கு. நாமதான் அதை மாத்தச் சொல்லணும். மாதிரியை நாம அனுப்பக் கூடாது, வெளியாள் வந்து கிட்டங்கியில கண்ணை மூடிக்கிட்டு எடுக்கணும்.”

“மத்த முதலாளிங்க உன்னைக் கடிச்சுத் துப்பிடுவாங்க.”

“துப்பட்டும். நானும் கூடப் போறேன்” என்றாள் தெக்லா. “பானையோட போறேன். எவனாவது வாயைத் திறந்தா, முதல்ல உன் மூடியை அடிச்சுக் காட்டுடான்னு கேக்கறேன்.”

வேறு நாளாக இருந்தால் நெமேசி சிரித்திருப்பார். இப்போது அவர் சிரிக்கவில்லை. நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். முகம் சாம்பல் நிறமாகியிருந்தது.

“அப்பா? உடம்புக்கு என்ன?”

“வாசல் பக்கத்து அடுக்குல மூணுன்னு சொன்னியே” என்றார்.

“ஆமா.”

“நல்லா பாத்தியா? மூணா?”

“ஏன்ப்பா காலையிலேர்ந்து அதையே கேக்கறீங்க?”

நெமேசி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். விரல்களுக்கு நடுவிலிருந்து குரல் வந்தது.

“திங்கட்கிழமை ஒரு பெட்டி அனுப்பிச்சேன். நானே கட்டினேன். ரிப்பன் வெச்சு. அந்தக் குழந்தை இருக்கற ஆஸ்பத்திரிக்கு. அந்த மாடியில இருக்கற எல்லாக் குழந்தைக்கும் ஆளுக்கு ஒண்ணுன்னு.”

“என்ன அனுப்பினீங்க?”

கேட்டிருக்கவே வேண்டாம். எங்கள் ஊர்க்காரன் கல்யாணத்துக்கும் பொம்மை அனுப்புவான், துக்கத்துக்கும் பொம்மை அனுப்புவான். மன்னிப்புக் கேட்கவும் அவனுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

“மூணு தலைமுறையா வேற என்னத்தைக் கொடுத்திருக்கோம்?” என்றார் நெமேசி. “வாசல் பக்கத்து அடுக்குலேர்ந்து எடுத்தேன். இருபத்து நாலு. அந்த அண்ணன் பையன்தான் நெம்பியிருப்பான்னு நானும் நம்பினேன், மிரேயா. சத்தியமா நம்பினேன்.”

தெக்லா சிலுவைக்குறி போட்டுக்கொண்டாள்.

மிரேயா பாய்ந்து தொலைபேசியைத் தன் பக்கம் இழுத்தாள். மருத்துவரின் கடிதத்தை எடுத்தாள், தலைப்பிலிருந்த எண்ணைப் பார்த்துச் சுழற்றினாள். முதல் தடவை எண் தப்பாக விழுந்தது. இரண்டாவது தடவை மணி அடித்தது. ஏழெட்டு தடவை அடித்த பிறகு ஒரு பெண் எடுத்தாள், மாடிக்குத் தொடர்பு கொடுத்தாள். நெமேசி எழுந்து வந்து காதை ரிசீவரோடு ஒட்ட வைத்துக்கொண்டார்.

“குழந்தைகள் வார்டு, சொல்லுங்க.”

“சிஸ்டர், ஈபியிலேர்ந்து பேசறோம். பொம்மைக் கம்பெனி. உங்களுக்கு ஒரு பெட்டி…”

“ஐயோ, நீங்களா! கடவுள் உங்களை நல்லா வெக்கட்டும். நேத்து சாயங்காலம்தான் வந்துச்சு. ராஜாக்கள் ராத்திரிக்குன்னு எடுத்து வெக்கலாம்னு பாத்தோம். அப்புறம் சாந்தா லூசியா நாளாச்சே, பாவம் பிள்ளைங்கன்னு இன்னைக்கே கொடுத்துட்டோம்.”

“சிஸ்டர், அதையெல்லாம் வாங்கிடுங்க. இப்பவே. ஒண்ணு விடாம. சக்கரத்துல இருக்கற மஞ்சள் மூடி கழண்டு வரும். ஒவ்வொரு கழுதைக்கும் நாலு மூடி இருக்கணும், எண்ணிப் பாருங்க. வாயில எதாவது இருக்கான்னு ஒவ்வொரு குழந்தையையும் பாருங்க. அந்த பெர்த்தாவுக்கும் கொடுத்தீங்களா?”

அந்தப் பக்கம் மூச்சு ஒன்று நின்றது தெரிந்தது. பிறகு ரிசீவரை மேசையில் வைக்கும் சத்தமும், ஓடும் காலடிச் சத்தமும் கேட்டன. யாரையோ பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். கதவு ஒன்று அடித்துக்கொண்டது.

மிரேயா போனை வைக்கவில்லை. மூன்று பேரும் ரிசீவரைச் சுற்றித் தலையை ஒட்டிக்கொண்டு கேட்டார்கள்.

தூரத்தில், அந்த நீளமான வராந்தாவின் ஓட்டுத் தரையில், ஒன்றல்ல இரண்டல்ல, இங்கும் அங்குமாக, அவர்கள் வீட்டில் செய்த அந்தச் சத்தம் வந்துகொண்டிருந்தது. கிளக் கிளக். கிளக் கிளக்.

ஒவ்வொன்றாக அது நிற்கத் தொடங்கியது. நெமேசி உதட்டுக்குள் எண்ணினார். இருபத்து மூன்று வரை எண்ணிவிட்டார்.

கடைசியாக ஒன்று மட்டும் எங்கோ உருண்டுகொண்டே இருந்தது.